முதலில் ஏழு அங்குலத் தட்டு: பழைய பங்க், நியூ வேவ், பவர் பாப் ரெக்கார்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு

கேள்வி இது: "வேலைக்காக இங்கிலாந்து வந்திருக்கிறேன். பங்க், நியூ வேவ், பவர் பாப் மூன்றையும் போனிலேயே கேட்டுப் பழகியவன். இப்போது டர்ன்டேபிள் வாங்கிவிட்டேன். 1976 முதல் 1982 வரை வந்த அசல் தட்டுகளைச் சேர்க்க ஆசை. செக்ஸ் பிஸ்டல்ஸின் ஏ அண்ட் எம் சிங்கிள், ஜாய் டிவிஷனின் முதல் இபி, மிஸ்ஃபிட்ஸின் ஆரம்ப காலத் தட்டுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? அசலை எப்படி அடையாளம் காண்பது? மறுபதிப்பு வாங்கினால் தவறா?"

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். அதிலுள்ள மூன்றுமே விலை உச்சத்தில் இருப்பவை, மூன்றுக்குமே போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன. புதிதாக வருபவர் அவற்றில் கைவைத்தால் பணம் போகும், கூடவே ஆர்வமும் போய்விடும். அதற்குப் பதிலாகத் தட்டு வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தை, அதாவது ஒரு சின்ன லேபிளைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஏழு அங்குல சிங்கிள்களில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகளில் தொடங்குங்கள். ஒரு ஊர், ஒரு லேபிள், இரண்டு மூன்று வருடங்கள் என்ற எல்லைக்குள் நின்று சேர்ப்பவருக்கு ஆறே மாதத்தில் கண் பழகிவிடும். அந்தப் பழகிய கண்தான் பிறகு எந்தத் தட்டையும் தைரியமாக வாங்க வைக்கும்.

முழு ஆல்பமான எல்பியை விட்டுவிட்டு ஏன் சிங்கிள் என்று கேட்பீர்கள். இந்த இசை முதலில் பிறந்தது அந்தச் சின்னத் தட்டில்தான். எல்பி போட ஸ்டுடியோ நாட்கள் வேண்டும், பெரிய கம்பெனியின் பணம் வேண்டும். இரண்டு பாட்டுக்கு ஒரு மதியம் போதும். அமெரிக்காவில் டெலிவிஷன் குழு 1975-இல் ஓர்க் என்ற குட்டி லேபிளில் வெளியிட்ட 'லிட்டில் ஜானி ஜுவல்' அவர்களுடைய முதல் ஆல்பத்தில் இல்லவே இல்லை. பி-52ஸ் குழுவின் 'ராக் லாப்ஸ்டர்' 1978-இல் அட்லாண்டாவின் டிபி ரெக்கார்ட்ஸில் வந்தபோது இருந்த பதிவு வேறு, அடுத்த வருடம் ஆல்பத்தில் வந்த பதிவு வேறு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் செயின்ட்ஸ் குழு தாங்களே ஃபேட்டல் என்று ஒரு லேபிள் பெயர் வைத்து 500 தட்டு அழுத்தி '(ஐ'ம்) ஸ்ட்ராண்டட்' சிங்கிளை வெளியிட்டது 1976 செப்டம்பரில். லண்டனின் முதல் பங்க் சிங்கிள் என்று சொல்லப்படும் டேம்ன்ட் குழுவின் 'நியூ ரோஸ்' வந்தது அதற்கு அடுத்த மாதம். எல்பி மட்டும் வாங்குபவருக்கு இந்தக் கதையின் முதல் அத்தியாயமே கிடைக்காது.

நான் எல்லோருக்கும் முதலில் கையில் கொடுத்துக் காட்டுவது பஸ்காக்ஸ் குழுவின் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இபியைத்தான். இபி என்றால் சிங்கிளைவிடக் கூடுதல் பாட்டும் ஆல்பத்தைவிடக் குறைந்த பாட்டும் உள்ள தட்டு. 1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரில் இண்டிகோ ஸ்டுடியோவில் நான்கு பாட்டைச் சில மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். தயாரித்தவர் மார்ட்டின் ஹானெட். பின்னாளில் ஜாய் டிவிஷனின் ஒலியை உருவாக்கிய அதே மனிதர், இதில் மார்ட்டின் ஸீரோ என்ற பெயரில் இருக்கிறார். செலவு 500 பவுண்டு, அதுவும் குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன். நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிளுக்குப் பெயர் வைத்து, ஓஆர்ஜி-1 என்று எண் போட்டு, 1977 ஜனவரி இறுதியில் 1,000 தட்டு வெளியிட்டார்கள். அது விற்றுத் தீர்ந்து, மறுபடி மறுபடி அழுத்தி, கடைசியில் 16,000 வரை போனது. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (எத்தனையாவது முறை வாசித்தது), ஓவர்டப் (பிறகு மேலே சேர்த்த பதிவு) உண்டா இல்லையா என்று அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பாட்டு எப்படிப் பதிவாகிறது என்பதைக் கேட்பவருக்குத் திறந்து காட்டிய உறை அது. லண்டனுக்குப் போய்க் கம்பெனி வாசலில் நிற்காமல் சொந்த ஊரிலேயே தட்டு போடலாம் என்று பிரிட்டன் முழுக்க இளைஞர்களுக்கு நம்பிக்கை வந்ததில் இந்த ஒரு தட்டின் பங்கு மிகப் பெரியது.

அதே வருடம் லண்டனில் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. 'ஸ்மோக்ஸ்கிரீன்' என்ற தங்கள் முதல் சிங்கிளை 153 பவுண்டில் முடித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக மூலத் தகடு வெட்டினால் செலவு கூடும் என்று இரண்டு பாட்டையும் இரண்டு பக்கத்திலும் அப்படியே வைத்தார்கள். முதலில் 500 தட்டு. அந்தத் தட்டு கையில் கிடைத்து, "பின்பக்கத்திலும் இதே பாட்டுதான் இருக்கிறது, தவறாக அழுத்திவிட்டார்கள்" என்று யாராவது விற்க வந்தால் அது தவறு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு தன் முதல் சிங்கிளின் உறையில் பதிவுக்கு இவ்வளவு, அழுத்த இவ்வளவு, லேபிள் அச்சடிக்க இவ்வளவு என்று செலவுக் கணக்கையே எழுதி வைத்தது. நாமும் செய்யலாம் என்று அடுத்தவரைத் தூண்டத்தான் அந்தக் கணக்கு. எனக்கு இந்த உறைகள்தான் பங்க் இசையின் மையம். கிழிந்த சட்டையும் ஊக்கும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்ட அடையாளங்கள். கணக்கை வெளியே வைத்த இந்தத் துணிச்சல்தான் அடுத்த பத்து வருட இசையை மாற்றியது.

இனி அடையாளம் காணும் விஷயம். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' 1979-இல் மறுபதிப்பாக வந்தது, பிரிட்டன் சிங்கிள் தரவரிசையில் 31-ஆம் இடம் வரை ஏறியது. அதற்குள் பாடகர் ஹோவர்ட் டிவோட்டோ குழுவை விட்டுப் போய், மேகஸீன் என்ற குழுவில் பெயர் வாங்கிவிட்டார். ஆகவே 1979 பதிப்பின் முன்னட்டையில் "வித் ஹோவர்ட் டிவோட்டோ" என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். 1977 பதிப்பில் அந்த வரி இருக்காது. இந்த ஒரு வரி தெரியாமல் 1979 தட்டுக்கு 1977 விலை கொடுத்தவர்கள் உண்டு.

எல்லாத் தட்டும் இப்படி அட்டையிலேயே காட்டிக் கொடுத்துவிடாது. அதற்குத் தட்டையே படிக்க வேண்டும். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் தட்டின் மையத்தில் உள்ள வட்டக் காகித லேபிளுக்கும் நடுவே பாட்டில்லாத வழுவழுப்பான ஒரு வளையம் இருக்கிறதே, அதை டெட் வாக்ஸ் என்பார்கள், ரன்-அவுட் என்றும் சொல்வார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி, தட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் கீறியிருக்கும். பதிவை முதலில் லேக்கர் பூசிய அலுமினியத் தகட்டில் லேத் வைத்து வெட்டுவார்கள். வெட்டிய பொறியாளர் அப்போதே கேட்டலாக் எண்ணையும், பக்கத்தையும், இது எத்தனையாவது வெட்டு என்பதையும் அங்கே எழுதிவிடுவார். அந்தத் தகட்டிலிருந்து நிக்கல் அச்சுகள், அச்சுகளிலிருந்து தட்டுகள். அதனால் அந்தக் கீறல் ஒவ்வொரு தட்டிலும் வந்துவிடும். இதுதான் மேட்ரிக்ஸ் எண்.

இந்தக் காலத்து பிரிட்டிஷ் தட்டுகளில் "எ போர்க்கி பிரைம் கட்" என்று கையால் கீறியிருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள். அது ஜார்ஜ் பெக்கம் என்ற வெட்டுப் பொறியாளரின் கையெழுத்து. அவர் வெட்டிய தட்டுகள் சத்தமாகவும் துல்லியமாகவும் இருக்கும். பலர் அந்தக் கீறலைத் தேடியே வாங்குகிறார்கள். குழுக்களும் அந்த இடத்தில் ரகசியச் செய்திகள், கிண்டல்கள், அடுத்த தட்டுக்கான துப்புகள் என்று எழுதச் சொன்னார்கள். புதுத்தட்டு வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் படிப்பது உறையை அல்ல, இந்த வளையத்தைத்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மேட்ரிக்ஸ் எண் எந்த வெட்டு என்று சொல்லும், எந்த வருடம் அழுத்தியது என்று சொல்லாது. அதே அச்சுகளை வைத்து இரண்டு வருடம் கழித்தும் அழுத்தியிருப்பார்கள். ஆகவே மேட்ரிக்ஸ், லேபிளின் நிறம், லேபிளில் உள்ள முகவரி, விநியோகக் கம்பெனியின் பெயர், உறையின் காகிதம், மடிப்பு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுதுபவர் ஏமாறுவார்.

தொடங்குவதற்கு ஒரு லேபிள் சொல்லுங்கள் என்றால் தயங்காமல் பெல்ஃபாஸ்டின் குட் வைப்ரேஷன்ஸ் என்பேன். வட அயர்லாந்தில் குண்டும் துப்பாக்கியுமாக இருந்த காலம். வெளியூர்க் குழுக்கள் அந்த ஊருக்கு வரவே பயந்தன. அப்போது கிரேட் விக்டோரியா தெருவில் டெரி ஹூலி என்பவர் ரெக்கார்டு கடை திறந்து, கடைக்கு வரும் பிள்ளைகளின் குழுக்களையே தட்டு போடத் தொடங்கினார். முதல் தட்டு 1978-இல் ரூடி குழுவின் 'பிக் டைம்'. நான்காவதாக வந்ததுதான் டெர்ரி நகரத்து அண்டர்டோன்ஸின் 'டீனேஜ் கிக்ஸ்' இபி, எண் ஜிஓடி 4. 1978 செப்டம்பரில் பிபிசி வானொலித் தொகுப்பாளர் ஜான் பீல் அந்தப் பாட்டை ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார். சையர் கம்பெனி உடனே குழுவை ஒப்பந்தம் செய்து, அதே இபியைத் தன் லேபிளில் மறுபடி வெளியிட்டது.

இந்த லேபிளின் உறைகளைக் கவனியுங்கள். பசை போட்டு ஒட்டிய உறை இல்லை. ஒரு பெரிய தாளில் அச்சடித்து மடித்துத் தட்டைச் சுற்றி வைத்திருப்பார்கள். மடிப்பு நைந்து கிழிவது சகஜம், அதனால் தாள் முழுசாக இருக்கும் பிரதிக்கு விலை ஏறும். சில விற்பனையாளர்கள் கலர் ஜெராக்ஸ் உறையைப் போட்டு, விவரத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். தாளை விரித்து எடுத்த படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழைய அச்சில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நகலெடுத்ததில் சின்ன எழுத்துகள் ஊறியது போலத் தெரியும், புகைப்படத்தின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கி அலை அலையாக ஒரு கோலம் விழுந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருக்கட்டும்.

'டீனேஜ் கிக்ஸ்' முதல் பதிப்பு உடனே கிடைக்காவிட்டாலும் அதே லேபிளில் ரூடி, அவுட்காஸ்ட்ஸ், புரோடெக்ஸ் இருக்கிறார்கள். புரோடெக்ஸின் 'டோன்ட் ரிங் மீ அப்' கேட்டால் பங்குக்கும் பவர் பாப்புக்கும் நடுவே கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்று புரியும். வேகம் பங்குடையது, மெட்டு அறுபதுகளின் பாப்புடையது.

இப்போது நீங்கள் மடித்து வைத்த பட்டியலுக்கு வருகிறேன். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977 மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் ஏ அண்ட் எம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு வாரத்துக்குள் கம்பெனி அவர்களைக் கைவிட்டது. அதற்குள் 'காட் சேவ் தி குயின்' சிங்கிள் சுமார் 25,000 அழுத்தியாகிவிட்டது. எல்லாவற்றையும் அழிக்க உத்தரவு. தப்பியவை மிகச் சில. 2024-இல் இங்கிலாந்து ஏலம் ஒன்றில் ஒரு பிரதி 20,000 பவுண்டைத் தாண்டியது. அந்த விலைக்காகவே போலிகள் அச்சாகின்றன. ஏலக் கம்பெனி அல்லது பல வருடம் பெயர் காத்த வியாபாரி, தட்டு யாரிடமிருந்து வந்தது என்ற எழுத்துச் சான்று, இரண்டும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ஆனால் அதே பாட்டை மே 27 அன்று வர்ஜின் வெளியிட்டது, எண் விஎஸ் 181. ராணியின் வெள்ளி விழா வாரத்தில் வானொலித் தடையை மீறித் தரவரிசையில் இரண்டாம் இடம் பிடித்த அந்தத் தட்டுதான் மக்கள் உண்மையில் வாங்கி வீட்டில் போட்டுக் கேட்டது. ஏராளமாக விற்றதால் இன்றும் எளிதாகக் கிடைக்கும். வரலாறு வேண்டுமென்றால் அதை வாங்குங்கள். ஏ அண்ட் எம் பிரதியில் இருப்பது அபூர்வம், வர்ஜின் பிரதியில் இருப்பது அந்தக் கோடைக்காலம்.

ஜாய் டிவிஷனின் 'ஆன் ஐடியல் ஃபார் லிவிங்' 1978 ஜூனில் எனிக்மா என்ற சொந்த லேபிளில், போஸ்டராக விரியும் உறையில் 1,000 தட்டு வந்தது. நான்கு பாட்டை ஏழு அங்குலத்தில் அடைத்ததால் ஒலி மங்கலாக இருந்தது. அதனால் சில மாதத்தில் பன்னிரண்டு அங்குலத்தில் மறுபடி போட்டார்கள். ஒலி பிடிக்காமல் குழுவே திருத்திப் போட்ட தட்டுக்கு மாதச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மிஸ்ஃபிட்ஸ் கதையும் அப்படித்தான். 1977-இல் பிளாங்க் என்ற சொந்த லேபிளில் 500 பிரதி 'கஃப்/கூல்' போட்டார்கள். பிளாங்க் என்ற பெயர் மெர்க்குரி கம்பெனிக்கு வேண்டியிருந்தது. ஸ்டுடியோ நேரத்துக்குப் பதிலாக அந்தப் பெயரை விட்டுக்கொடுத்துப் பிறகு பிளான் 9 ஆனார்கள். அந்தச் சின்ன எண்ணிக்கைத் தட்டுகளின் கள்ளப் பதிப்புகள் பல தலைமுறையாகச் சுற்றுகின்றன. சில கள்ளப் பதிப்புகளே இன்று பழசாகிவிட்டதால் காகிதத்தின் பழுப்பை வைத்தும் சொல்ல முடியாது.

பவர் பாப் வேறு உலகம். இங்கே தட்டுகள் அபூர்வமானது பெரும்பாலும் தோல்வியால். மெம்ஃபிஸின் பிக் ஸ்டார் 1972-இல் ஆர்டென்ட் லேபிளில் '#1 ரெக்கார்ட்' போட்டது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விநியோகம் செய்ய வேண்டிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் குழப்பத்தில் தட்டு கடைகளுக்கே சரியாகப் போய்ச் சேரவில்லை. 1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதி. பாட்டுகளில் குறையில்லை, லாரியில்தான் குறை. இந்த இரண்டு ஆல்பத்தின் முதல் அமெரிக்கப் பதிப்புகளுக்கு இன்றுள்ள மதிப்பு அந்தக் காலி அலமாரிகளால் வந்தது.

1976-இல் நெர்வ்ஸ் என்ற மூவர் குழு, ஜாக் லீ, பீட்டர் கேஸ், பால் காலின்ஸ், தாங்களே ஒரு நான்கு பாட்டு இபி போட்டார்கள். அதில் ஜாக் லீ எழுதிய 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து பிளாண்டி அதைப் பாடி உலகமே கேட்டது. பலருக்கு அது பிளாண்டியின் பாட்டு என்றே நினைப்பு. குழு கலைந்ததும் பீட்டர் கேஸ் பிளிம்சோல்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார், பால் காலின்ஸ் பீட் என்ற குழுவைத் தொடங்கினார். ஜாக் லீயின் இன்னொரு பாட்டான 'கம் பேக் அண்ட் ஸ்டே'யை 1983-இல் பால் யங் பாடிப் பெரிய ஹிட் ஆக்கினார். ஒரே ஒரு ஏழு அங்குலத் தட்டிலிருந்து இப்படி நான்கு கிளை பிரிகிறது. ஒருவர் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போவதுதான் பவர் பாப் சேர்ப்பதில் எனக்கு மிகப் பிடித்த வழி. பட்டியல் பார்த்து வாங்குபவருக்கு இந்தச் சுகம் கிடைப்பதில்லை.

இல்லினாய் மாநிலத்தின் சயன் என்ற சிற்றூரில் ஷூஸ் குழு வீட்டு வரவேற்பறையில் நான்கு டிராக் மெஷினை வைத்து 1977-இல் 'பிளாக் வினைல் ஷூஸ்' முழு ஆல்பத்தையும் பதிவு செய்து 1,000 தட்டு அழுத்தியது. வீட்டில் பதிவானது என்று சொன்னால் ஒழியத் தெரியாது, குரல்கள் அவ்வளவு அடுக்காக விழுகின்றன. அடுத்த வருடம் பிவிசி லேபிளில் வந்த பதிப்பு சுலபமாகக் கிடைக்கும், கேட்பதற்கு அதுவே போதும்.

1979-இல் நாக் குழுவின் 'மை ஷரோனா' அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும், மெல்லிய டை கட்டிய குழு எதைக் கண்டாலும் பெரிய கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன. இரண்டே வருடத்தில் அலை ஓய்ந்தது, விற்காத தட்டுகள் மலையாகக் குவிந்தன. கம்பெனிகள் அவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டன. திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்காதபடி உறையின் மூலையை வெட்டியோ, ரம்பத்தால் ஒரு கீறல் போட்டோ, துளை குத்தியோ அனுப்பினார்கள். கட்-அவுட் என்று பெயர். சில சேகரிப்பாளர்கள் மூலை வெட்டிய உறை என்றாலே முகம் சுளிப்பார்கள். நீங்கள் அதைத் தேடி வாங்குங்கள். அந்தத் தட்டுகள் பல யாராலும் போடப்படாமலே கிடந்தவை. உறையில் ஒரு மூலை போனாலும் உள்ளே தட்டு புத்தம் புதுசு.

நியூ வேவ் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிளாண்டி, கார்ஸ், போலீஸ், எல்விஸ் காஸ்டெல்லோ எல்லாம் பெரிய கம்பெனிகள் ஏராளமாக அழுத்தியவை. தொண்டு நிறுவனக் கடைகளிலும் வார இறுதிக் கார் பூட் சந்தைகளிலும் கிடைக்கும். கை பழக நல்ல இடம் இது. எல்விஸ் காஸ்டெல்லோவின் 'திஸ் இயர்ஸ் மாடல்' முதல் பிரிட்டிஷ் உறையில் படம் ஒரு பக்கம் தள்ளி, ஓரத்தில் அச்சகத்தின் வண்ணப் பட்டை தெரியும். அச்சுப் பிழை போலத் தோன்றும், பார்னி பபிள்ஸ் வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தது. டேம்ன்ட் குழுவின் முதல் ஆல்பத்தில் பின்னட்டையில் வேறு ஒரு குழுவின் படம் இருக்கும் பிரதிகளும் அதே போல ஸ்டிஃப் கம்பெனி திட்டமிட்டுச் செய்தவை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' வழியாகக் கிளாஷ் என்ற பங்க் குழுவுக்கு வந்த தமிழ் ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தப் பாட்டின் அடியில் ஓடும் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' 1982-இல் பிரிட்டனில் 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ'வோடு இரட்டை ஏ-சைடு சிங்கிளாக, அதாவது இரண்டு பக்கமும் முதன்மைப் பாட்டாக வந்தது. அதிக விலை கொடுக்காமல் வாங்கலாம்.

வண்ணத் தட்டுகளுக்கு மட்டும் மயங்காதீர்கள். 1978-இல் கம்பெனிகள் ஒரே சிங்கிளை இரண்டு மூன்று நிறத்தில் விட்டு ரசிகர்களை மறுபடி வாங்க வைத்தன. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் 'தி டே தி வேர்ல்ட் டர்ன்ட் டே-க்ளோ' ஆரஞ்சு நிறத்தில் வந்தது பாட்டோடு பொருந்தியது. மற்றவற்றில் பெரும்பாலானவை கறுப்பிலேயே நன்றாக இருக்கும்.

தட்டின் தரம் எழுதும் முறையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மின்ட் (புத்தம் புதுசு), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), அதற்குக் கீழே ஜி (குட்). விஜி என்று எழுதியிருந்தால் கீறல் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் என்று பொருள். ஜி என்றால் வேறு வழியில்லாத அபூர்வத் தட்டு தவிர வாங்காதீர்கள். பங்க் சிங்கிள்களில் விஜி பிளஸ் கிடைத்தாலே மகிழலாம், அவை விருந்துகளில் கனமான ஊசியின் கீழே பல நூறு முறை சுற்றியவை. லேபிளில் பழைய சொந்தக்காரர் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை குறையும். எனக்கு அது பொருட்டே இல்லை, பாட்டு கெடவில்லையே. நடு வளையத்தை உடைத்து எடுத்த பிரிட்டிஷ் சிங்கிள்கள் ஜூக்பாக்ஸில் ஓடியவையாக இருக்கலாம். அவற்றைப் போட்டுக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அமெரிக்க சிங்கிள் வாங்கும்போது ஸ்டைரீன் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டும். பல அமெரிக்க 45 தட்டுகள் (நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சிங்கிள்கள்) வினைலில் அல்லாமல் பாலிஸ்டைரீனில் செய்தவை. எடை குறைவு, வளையாது, விளிம்பு கூராக இருக்கும், விரலால் தட்டினால் வறண்ட சத்தம் வரும். தேய்ந்த ஊசி பட்டால் பள்ளம் சீக்கிரம் போய், ஒரு சீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் ஒலி கெட்டிருக்கலாம். ஸ்டைரீனை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது. வினைலுக்கு வடிநீரும் ஒரு சொட்டு சோப்பும் மென்மையான பிரஷும் போதும்; லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டிபோல மூடும் மலிவு பிளேயரில் இந்தத் தட்டுகளைப் போடாதீர்கள். அவற்றின் ஊசி அழுத்தம் அதிகம். சுமார் இரண்டு கிராமில் நிற்கும்படி சரிசெய்ய முடிகிற டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை அவசியம்.

பிவிசி பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்தால் அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் தட்டின் மேல் மங்கலாகப் படிந்துவிடும், துடைத்தாலும் போகாது. பாலித்தீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். பிற்காலத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் சித்திரை வெயிலில் காருக்குள் ஒரு மணி நேரம் விட்டாலும் தட்டு வளைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தட்டைவிட உறைதான் முதலில் பூசணம் பிடிக்கும்; மடிப்புத் தாள் உறைகள் இன்னும் சீக்கிரம். காற்றோட்டமான அலமாரியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும்.

வாங்குவதற்கு முன் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தத் தட்டின் ஒவ்வொரு பதிப்பையும் பாருங்கள். மேட்ரிக்ஸ் எண், லேபிள் படம், எத்தனை பேரிடம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உண்டு. விற்பனையாளர் கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பைத் தீர்மானிக்காதீர்கள். உண்மையில் விற்ற விலைகளின் நடுமதிப்பைப் பாருங்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் வாங்கும்போது டெட் வாக்ஸ் படத்தைக் கேளுங்கள். நல்ல வியாபாரி முகம் கோணாமல் அனுப்புவார். ஆனால் வாரம் ஒரு முறையாவது கடைக்கும் போங்கள். கடைக்காரர் முன்னால் நின்று பெட்டியைப் புரட்டும்போது தேடாத தட்டு ஒன்று கையில் வரும். விவரம் தெரிந்த வயதான வாடிக்கையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று நீங்கள் கேள்விப்படாத ஒரு குழுவைப் பற்றிச் சொல்வார். லண்டனில் 1976-இல் திறந்த ரஃப் டிரேட் கடை அப்படித்தான் ஒரு லேபிளாகவும், சின்ன லேபிள்களை நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த விநியோக அமைப்பாகவும் வளர்ந்தது.

மறுபதிப்பு வாங்குவது தவறா என்று கேட்டீர்கள். இல்லை. அனுமதி பெற்ற மறுபதிப்பு வாங்கினால் பாட்டு எழுதியவருக்குப் பணம் போகும், பழைய தட்டு கைமாறும்போது அவருக்கு ஒரு பைசா போகாது. நெர்வ்ஸ், பிக் ஸ்டார் போன்றவர்கள் உச்சத்தில் இருந்தபோது சம்பாதிக்காதவர்கள் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. ஓர்க் லேபிளின் சிங்கிள்களை நூமரோ குரூப் என்ற மறுபதிப்பு லேபிள் 2015-இல் விரிவான குறிப்புகளோடு ஒரே பெட்டியாகத் தொகுத்தது. 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இபியை டோமினோ லேபிள் 2017-இல் நாற்பதாம் ஆண்டுக்காக மறுபடி வெளியிட்டது. அதை முதலில் வாங்கி, டேக் எண்கள் அச்சான அந்தப் பின்னட்டையைப் படித்துக்கொண்டே நான்கு பாட்டையும் கேளுங்கள். 1977 பிரதி எங்காவது பெட்டியில் கண்ணில் பட்டால் முன்னட்டையில் டிவோட்டோவின் பெயர் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.